வெடிக் காது

சிறுநீர் வாங்குவதற்காக விமானம் ஏறி வெளிநாடு போனவள் எங்கள் கிள்ளான் பட்டணத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விருதுநகரில் இறங்கிய அன்று சாயங்காலம், எண்ணெயில் பொரித்த பரோட்டாவை இரண்டு கையாலும் உடைத்துக்கொண்டிருந்தபோது கோமதி இதைச் சொல்லித்தான் கிண்டல் செய்தாள்.

"எல்லாரும் இந்தப் பக்கம் வெடி வாங்க வருவாக. எங்க அக்கா எதுக்கு வந்திருக்காகன்னு நான் வெளிய சொல்ல முடியுமா?"

கோமதி விருதுநகரில் சர்க்கரை நோய் பார்க்கும் டாக்டர். கோலாலம்பூரில் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு காலத்தில் பயிற்சிக்கு வந்து, பக்கத்து மேசையில் உட்கார்ந்து, என் சாப்பாட்டு டப்பாவில் பாதியைத் தின்றுவிட்டுப் போனவள். போன மாதம் தொலைபேசியில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னாள். இளவயசுப் பையன். வசதியான வீடு, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஆனால் உடம்பு ஒட்டவே இல்லை. அதற்குள் சர்க்கரை. காதில் மெஷின். நான் கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவுக்கு எப்படி?" என்று கேட்டேன். "அந்தம்மா இப்ப இல்லக்கா. இருந்த வரைக்கும் சுகரும் உண்டு, காதும் கேக்காதாம்" என்றாள். அன்றைக்கே லீவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

என் வேலை, உடம்பின் செல்களுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ.வின் மேல் இயற்கை வைக்கும் சின்னச் சின்ன ரசாயனக் குறிகளைப் பார்ப்பது. இதைக் கல்யாண வீடுகளில் விளக்க முயன்று நல்ல சிநேகிதங்களை இழந்திருக்கிறேன். அதனால் இங்கே அவசரப்படாமல், வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

இப்போது பரோட்டா. எங்கள் ஊரில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் ரொட்டி சானாய் என்று இதன் பெரியப்பா மகன் ஒருவன் இருக்கிறான். அவன் மெத்தென்று இருப்பான், பருப்புக் குழம்பில் மடங்கிப் படுத்துவிடுவான். இவன் அப்படியில்லை. கடித்தால் பதில் பேசுகிறான். சால்னா ஊற்றிய பிறகுதான் கொஞ்சம் இறங்கி வருகிறான். சர்க்கரை டாக்டர் பக்கத்தில் இருக்கிறாளே என்ற கூச்சத்தில் இரண்டோடு நிறுத்தப் பார்த்தேன். மூன்றாவதை அவளே என் இலையில் வைத்தாள்.

கடைக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு மலேசியாவா என்றார். ஆமாம் என்றேன். "பூர்வீகம் எங்கன?" என்றார். தெரியாது என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. பெற்றோரைத் திருவிழாவில் தொலைத்த பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சால்னா ஊற்றினார். அங்கே இருந்த நாட்களில் இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டார்கள், எல்லோரும் வருத்தப்பட்டார்கள், எல்லோரும் ஏதாவது தின்னக் கொடுத்தார்கள். பூர்வீகம் தெரியாததில் இப்படி ஒரு லாபம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் விஸ்வநத்தம். அந்த இளைஞன் ரத்தினவேலின் குடும்பத்துக்கு அங்கே பட்டாசுக் கம்பெனி இருக்கிறது. வாசலிலேயே கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். சுவரில் பதித்திருந்த செப்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காம். நான் கோயில் என்று நினைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கோமதி வேப்ப மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ரத்தினவேலின் அப்பா சங்கரலிங்கம் அலுவலக அறையில் உட்கார வைத்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடியின் மினுக்கம். "பசியாறிட்டீங்களா?" என்று நான் கேட்டேன். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கேட்போம். அவர் குழம்பிப்போய், "பசி ஆறுற அளவுக்கு இன்னும் பசிக்கல தாயி" என்றார். பிறகு மகனைப் பற்றிப் பேச்சு வந்ததும் சொன்னார்:

"சுகர் எப்படி வந்துச்சுன்னு தெரியல. மத்தபடி அவனுக்கு வெடிக்காது, அம்புட்டுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன வெடிக்காது, எதற்காக ஒரு மனுஷன் வெடிக்க வேண்டும்? கோமதி காதைத் தொட்டுக் காட்டினாள். வெடிக் காது. வெடிச் சத்தத்தில் மந்தமான காதுக்கு அந்தக் குடும்பத்தில் வைத்திருக்கும் பெயர். நான் தப்பாகப் புரிந்துகொண்டதைச் சொன்னதும் சங்கரலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்த வாசல்ல நின்னுக்கிட்டு வெடிக்காதுங்கக் கூடாது தாயி, ஆர்டர் வந்த மாதிரிதான்" என்றார்.

ரத்தினவேல் உள்ளே வந்தான். நெடுநெடுவென்று உயரம், எலும்பும் தோலும். கன்னத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு, பாதி கேட்காத பேச்சுக்கெல்லாம் முன்கூட்டியே வைத்திருக்கும் சிரிப்பு. மாடி ஏறினால் தொடை கடுக்கிறது, மாத்திரை போட ஆரம்பித்த பிறகு இன்னும் மோசம் என்றான். பெண் பார்த்துப் பேசி முடித்திருக்கிறார்கள். ஆமத்தூரில் நிலபுலன் உள்ள வீடு, பெண்ணின் பெயர் ஜெயா, கணக்கு டீச்சர். எல்லாம் கூடி வந்த பிறகு பெண்ணின் அப்பா ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறார்: பையனுக்கு இருப்பது இருக்கட்டும், பிறக்கிற பிள்ளைக்கு வருமா? தை மாதத்துக்குள் பதில் தெரிய வேண்டும். கேட்டது நியாயம்தான். அதனால் யாராலும் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

நான் அறையின் மறு மூலைக்குப் போய், கோமதியின் காதோடு காதாக, "அப்பாவின் காதையும் ஒருமுறை சோதிக்கணும்" என்று முணுமுணுத்தேன்.

"தாராளமாப் பாருங்க" என்றார் சங்கரலிங்கம், கணக்குப் பார்த்துக்கொண்டே.

வாழ்நாள் முழுவதும் வெடிகளுக்கு நடுவில் இருந்தவர். இரண்டு வெடிமருந்துக் கொட்டகைகளுக்கு அப்பால் யாராவது இருமினால்கூடச் சொல்லிவிடுவாராம்.

அடுத்த நாள் மல்லாங்கிணறு. ரத்தினவேலின் அக்கா மகேஸ்வரி எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். சிவகாசியில் புருஷனோடு சேர்ந்து காலண்டர் அச்சகம் நடத்துகிறவள். மார்கழியில் காலண்டர் அச்சகத்தை விட்டு வருவது, பிரசவ அறையை விட்டு மருத்துவச்சி வெளியே வருகிற மாதிரி. ஆனாலும் வந்தாள். கோமதியிடம் தம்பியை இழுத்துக்கொண்டு வந்ததே இவள்தான். "அவன் கல்யாணம் நிக்கக் கூடாது டாக்டர். அம்மா இல்லாத வீடு, நான்தான் முன்ன நிக்கணும்" என்று வண்டியில் ஏறியதும் சொன்னாள். அப்புறம் கடைகடையாக நிறுத்திக் காராச்சேவு வாங்கினாள்.

இறந்துபோன அவர்கள் அம்மாவின் தங்கை பேச்சியம்மாள் மல்லாங்கிணற்றில் பருத்தியும் மிளகாயும் போட்டுப் பிழைக்கிறார். கரிசல் காடு. மழை பெய்து காய்ந்த மண் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எங்கள் ஊரில் ஒரு விதையைத் துப்பினால் அது மரமாகாமல் தடுப்பதுதான் வேலை. இங்கே ஒவ்வொரு செடியையும் கெஞ்சி வளர்த்திருந்தார்கள்.

பேச்சியம்மாள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஒல்லி. சர்க்கரைக்கு ஊசி போடுகிறார். நான் குரலை உயர்த்தி, "எப்ப இருந்தும்மா காது மந்தம்?" என்று கேட்டேன்.

"பருத்தியா? இந்த வருசம் பூராம் புழுதான்" என்றார்.

மகேஸ்வரி சித்தியின் காதுக்குள்ளேயே வாயை வைத்துக் கேட்டாள். "சின்னம்மா, நீ எங்க கம்பெனிப் பக்கம் எப்பவாச்சும் வந்திருக்கியா?"

"ஒங்க அம்மா கலியாணத்துக்கு வந்தேன். சாப்பிட்டேன். பஸ் ஏறிட்டேன்."

"வேற வெடி எதும் பக்கத்துல போட்டாகளா?"

"தீவாளிக்கே நாங்க போடுறதில்ல. மாடு மிரளும்."

அப்படியானால் காது எப்படிப் போயிற்று என்று கேட்டோம். அதற்கும் பதில் தயாராக இருந்தது. ஊர்ப் பொங்கலில் ஒருமுறை கோயில் வேட்டுப் போட்டார்களாம், அதில்தான் போயிருக்கும் என்று வீட்டில் சொன்னார்களாம். மகேஸ்வரிக்கு ஒரு தாய்மாமாவும் உண்டு, அவருக்கும் காது கேட்காது. அவர் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் துப்பாக்கிச் சத்தம். அம்மாவுக்குக் கம்பெனி வெடி. தம்பிக்கும் கம்பெனி வெடி. இந்த வட்டாரத்தில் எந்தக் காது போனாலும் அதற்கென்று ஒரு வெடி கைவசம் இருக்கிறது. வேறு ஊராக இருந்தால், ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு மட்டும் ஏன் இப்படி என்று யாராவது எப்போதோ யோசித்திருப்பார்கள்.

பேச்சியம்மாள் எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். தான் மட்டும் வெறும் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

திரும்பும் வழியில் மகேஸ்வரியின் மடியில் காராச்சேவுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. ரொம்பத் தூரம் வந்த பிறகு சன்னலைப் பார்த்தபடியே, "நானும் போன வருசத்துல இருந்து போனை வலது காதுலதான் வைக்கேன்" என்றாள். "மிசின் சத்தம்னு நெனச்சேன்."

அடுத்த நாள் அவளுடைய அச்சகத்துக்குப் போனேன். கூரை முட்டும் அளவுக்கு அடுத்த வருடம் அடுக்கி வைத்திருந்தது. முருகன், ஏசு, மெக்கா, சிரிக்கும் குழந்தை, எல்லோரும் ஈர மை வாசனையோடு ஒரே வரிசையில் காய்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே நின்றுகொண்டுதான் நான் பயந்துகொண்டிருந்த விளக்கத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று.

நம் உடம்பு எப்படி நடக்க வேண்டும் என்ற பெரிய புத்தகம் செல்லுக்குள் இருக்கிறது. அதிலிருந்து வேலைக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் நகல் எடுத்து அனுப்புவார்கள். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. அந்த நகலைப் படித்துக் கட்டுமானச் சாமானைச் சுமந்து வருவதற்கும் வேறு சில குட்டி ஆர்.என்.ஏ.க்கள் இருக்கின்றன. இவை எல்லாவற்றின் எழுத்துகள் மேலும் செல் அங்கங்கே குறி வைக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட வகைக் குறிகள் உண்டு. எழுத்து அதேதான், குறி இருந்தால் ஒரு மாதிரி படிக்கும், இல்லாவிட்டால் வேறு மாதிரி படிக்கும். சாதாரணமாக ஊரெல்லாம் இருக்கிற சர்க்கரை நோயிலும், உடம்பு பெருப்பதிலும்கூட இந்தக் குறிகளுக்குப் பங்கு இருக்கிறது என்று இப்போது ஒவ்வொன்றாகத் தெரிய வருகிறது. முழுக்கதை இன்னும் யாருக்கும் தெரியாது.

"புள்ளி மாதிரியா?" என்றாள் மகேஸ்வரி.

"எந்தப் புள்ளி?"

"மெய்யெழுத்துக்கு மேல வைக்கிற புள்ளி. ஒரு பல் டாக்டருக்கு காலண்டர் அடிச்சோம். புதுசா ஒரு எழுத்து வகை வாங்கிப் போட்டோம். அதுல எங்கனயோ ஒண்ணு கெட்டுப்போயி, ல்-லுக்கு மேல புள்ளி உக்காரவே மாட்டேன்னுருச்சு. பல் மருத்துவமனைங்கிறது பல மருத்துவமனைன்னு வந்துருச்சு. மொத்த லோடும் திரும்பி வந்துச்சு. அந்த டாக்டர் மட்டும் சந்தோசப்பட்டாரு, நமக்குப் பல ஆஸ்பத்திரி இருக்குன்னு ஊரு நெனைக்கும்னாரு."

இருவரும் சிரித்தோம். பிறகு நான் சொன்னேன், ஒங்க குடும்பத்தில் நாங்கள் சந்தேகப்படுவதும் அதுதான் என்று. செல்லுக்குள் சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றன, அவைதான் சாப்பாட்டை எரித்துச் சக்தியாக்குகின்றன. அந்த அடுப்புக்கென்று தனியாக ஒரு குட்டிப் புத்தகம் உண்டு. அதில் ஒரு எழுத்து மாறிவிட்டால், சாமான் சுமக்கும் ஒரு ஆர்.என்.ஏ.வில் கொஞ்சம் தள்ளியிருக்கிற இன்னொரு எழுத்தின் மேல் புள்ளி உட்காருவதில்லை. அந்தப் புள்ளி டாரின் என்ற பொருளால் ஆனது. புள்ளி இல்லையென்றால் படிப்பதில் தடுமாற்றம், அடுப்பு மங்கிப்போகிறது. நிறையச் சக்தி கேட்கும் இடங்கள்தான் முதலில் அடி வாங்கும். இன்சுலின் சுரக்கிற இடம், காதின் உள்பக்கம், தசை.

"டாரினா? அந்த எனர்ஜி டிரிங்க் டப்பால போட்டிருக்குமே. எம்புருசன் சீசன்ல கண்ணு முழிக்கக் குடிப்பாரு. அத வாங்கித் தம்பிக்குக் குடுக்கலாமா?"

"அதில் சர்க்கரைதான் நிறைய இருக்கும், அதைக் கொடுத்தால் கோமதி என்னையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவாள். டாரினை மருந்தாகவே நிறையக் கொடுப்பது தனி விஷயம், அதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். இங்கே பொருளுக்குப் பஞ்சமில்லை, உட்காரத்தான் மாட்டேன் என்கிறது."

அவள் ஒரு முருகனை எடுத்து மை காய்ந்துவிட்டதா என்று விரலால் பார்த்தாள். "இது யாரு வழியா வரும்?"

இதற்குத்தான் நான் கோமதியைக் கூட்டி வந்திருக்க வேண்டும். அந்த அடுப்புகள் தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும் என்றேன். அப்பாவுடையது வாசலோடு சரி. ரத்தினவேலுக்கு இது இருந்தாலும் அவன் பிள்ளைகளுக்குப் போகாது.

"அப்ப கல்யாணத்துக்குத் தடை இல்ல."

"இல்லை. ஆனால் ஒங்களுக்கு இருந்தால்..."

"எனக்கு ஒரு மக இருக்கா" என்றாள். "தெரிஞ்சுதான் கேக்கேன். எனக்கும் சேத்து டெஸ்ட் எடுங்க. என்னைய மறைச்சு வச்சுக்கிட்டு எந்தம்பிக்கு மட்டும் பதில் சொல்லுறது எப்படி?"

இந்த எழுத்து மாற்றம் இரத்தத்தில் வயதாக ஆக மங்கலாகிவிடும். சிறுநீரில்தான் நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் அடுத்த நாள் காலை இரண்டு புட்டிகள் வாங்க விஸ்வநத்தத்துக்கும் சிவகாசிக்கும் போனோம். ரத்தினவேல் தன்னுடையதை மூன்று காகிதப் பைக்குள் வைத்து, மேலே ஒரு பட்டாசுப் பெட்டியைப் போட்டு, கல்யாணச் சீர் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

புட்டிகளை ஐஸ் பெட்டியில் வைத்து மதுரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போக வேண்டும். ஆமத்தூரைத் தாண்டும் முன்பே கோமதியின் கார் புகைந்து நின்றுவிட்டது. அவள் மெக்கானிக்குக்குக் காத்திருக்க, நான் பெட்டியோடு அடுத்து வந்த பேருந்தில் ஏறினேன். நடத்துநர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்னம்மா? லக்கேஜ் போடணும்."

எங்கள் ஊரில் சர்க்கரை நோய்க்கு இனிப்பு நீர் என்று பெயர். பழக்க தோஷத்தில், "இனிப்பு நீர், சோதனைக்குக் கொண்டு போறேன்" என்றேன்.

"சர்பத்தா? அதுக்கு எதுக்கும்மா சோதனை, ஒரு வாய் குடுங்க, நான் சொல்லுறேன்."

"இல்லைங்க. இது சிறுநீர்."

"என்ன நீரு?"

பேருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை. "மூத்திரம்" என்றேன், ஓட்டுநருக்கும் கேட்கும்படி.

நடத்துநர் பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அப்புறம் முன் இருக்கையில் இருந்தவர் திரும்பி, "சுகருக்கா?" என்றார். அவ்வளவுதான். பேருந்து முழுக்க ஆளாளுக்குத் தங்கள் அளவைச் சொல்ல ஆரம்பித்தார்கள், தேர்வு முடிவு வந்த வீடு மாதிரி. ஒருவர் ஆவாரம்பூ என்றார். ஒருத்தி வெந்தயம் என்றாள். மற்றொருவர், தான் எதையும் விடவில்லை, எதுவும் குறையவில்லை, ஆகவே நிம்மதி என்றார். நடத்துநர் குனிந்து, "எனக்கும் இருக்கும்மா. பெட்டிய மடியில வச்சுக்கோங்க, லக்கேஜ் வேண்டாம்" என்றார். இவர்கள் யாருக்கும் இருப்பது ரத்தினவேல் வீட்டு வகை அல்ல, அது அபூர்வம் என்று சொல்லிப் பார்த்தேன். அபூர்வம் என்றதும் தனக்கு இருப்பதும் அதுதான் என்று மூன்று பேர் கையைத் தூக்கினார்கள்.

மதுரையில் இருந்த நாட்களை விட்டுவிடுகிறேன். ஜிகர்தண்டா குடித்தேன், குழாய்களில் துளித்துளியாக ஊற்றினேன், காத்திருந்தேன். இருவருக்கும் அந்த எழுத்து மாறியிருந்தது. தம்பிக்கு அதிக அடுப்புகளில், அக்காவுக்குக் கொஞ்சத்தில்.

கோமதி இருவரையும் முதலில் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். ரத்தினவேலின் மாத்திரையை மாற்றினாள். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு நல்லது செய்யும் மாத்திரைதான் அது, இந்த வகைக்கு மட்டும் டாக்டர்கள் தவிர்ப்பார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம், கோமதிக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது. மகேஸ்வரியின் மகளுக்கு இப்போது சோதனை எதுவும் வேண்டாம், வருஷா வருஷம் காதையும் சர்க்கரையையும் பார்த்தால் போதும், வராமலும் போகலாம், வந்தாலும் பேச்சியம்மாளைப்போலக் காரணம் தெரியாமல் இருக்க வேண்டியதில்லை என்றாள். மகேஸ்வரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு கழிப்பறைக்குப் போய் ரொம்ப நேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நானும் கோமதியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.  என் வேலையில் இதுவரை குழாய்களுக்குள் இருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

நான் புறப்படுவதற்கு முந்தின நாள் ஆமத்தூர்க்காரர்கள் கோமதியின் கிளினிக்குக்கு வந்தார்கள். மார்கழியில் நல்ல காரியம் பேசமாட்டார்களாம், அதனால் கல்யாணம் என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை. பெண்ணின் அப்பா தன் சுகரைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். மகள் துணைக்கு வந்ததாகச் சொன்னார். சங்கரலிங்கமும் பிள்ளைகளும் அந்த வழியாகப் போனதாகச் சொன்னார்கள். வழி கிளினிக்கின் உள்ளறை வரைக்கும் வந்திருந்தது. பேசி முடித்த நாளில் ரத்தினவேலை மாப்பிள்ளை என்று கூப்பிட்டவராம் அந்தப் பெரியவர். கேள்வி கேட்டு அனுப்பிய பிறகு அதைத் தம்பி என்று இறக்கியிருந்தார். "தம்பி சௌக்கியமா?" என்றார். ரத்தினவேல் சிரித்து வைத்தான். ஜெயா மகேஸ்வரியைப் பார்த்து, "வாங்கக்கா" என்றதோடு சரி.

கோமதி வாயைத் திறப்பதற்குள் மகேஸ்வரி எழுந்துவிட்டாள்.

"மாமா, நான் சொல்லிருதேன். இது எங்க அம்மா வழி. எந்தம்பிக்கு இருக்கு. ஆனா ஆம்பள வழியாப் போகாது, அவன் பிள்ளைகளுக்குக் கிடையாது. டாக்டர் எழுதியே குடுப்பாக. எனக்கும் இருக்கு. எனக்குப் பெறந்ததுக்கு வரலாம். இம்புட்டு நாளு வெடிச் சத்தம்னு நெனச்சு எம்மவள மத்தாப்பு கூடத் தொட விடல. இப்ப இதான் விசயம்."

சொல்லி முடித்த பிறகும் அவள் உட்காரவில்லை. 

பெண்ணின் அப்பா, "அப்ப பொம்பள வழி" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல, கேட்டதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். ஆனால் அறையில் இருந்த எல்லோருடைய கண்ணும் மகேஸ்வரி மேல் போய், உடனே வேறு பக்கம் திரும்பிற்று. நல்ல சேதி ஒருவனுக்கு வந்த அதே வாக்கியத்தில் அவள் மட்டும் தனியாக நின்றாள். எனக்கு அந்தப் பெரியவர் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. வாயைத் திறந்தால் கிள்ளான் தமிழில் ஏதாவது வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஜெயா எழுந்தாள். அப்பாவின் பக்கத்து நாற்காலியை விட்டு வந்து மகேஸ்வரியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"மதினி, பாப்பாவ காது பாக்கக் கூட்டிட்டு வரும்போது எனக்கும் சொல்லுங்க. நானும் வாரேன்."

நாத்தனாரைத்தான் அங்கே மதினி என்பார்கள். மகேஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  கோமதி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினாள்.

பெண்ணின் அப்பா மகளைப் பார்த்தார். மேல்துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். பிறகு ரத்தினவேல் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, மாத்திரைய மாத்திட்டாகளாமே, இப்பக் கால் வலி தேவலையா?" என்றார்.

ரத்தினவேலுக்குச் சரியாக விழவில்லை. எப்போதும்போலச் சிரித்துவிட்டு அக்கா பக்கம் சாய்ந்து, "என்ன கேக்காக?" என்றான்.

மகேஸ்வரி அவன் மெஷின் பக்கமாகக் குனிந்தாள். கால் வலியை அப்படியே விட்டுவிட்டாள்.

"மாப்பிள்ளைங்காகடா" என்றாள்.